மருதஞ்சேற்றில் உப்பு ஏறியது

உங்களில் சிலர் ஆம்பூர்ப் பக்கம் காட்டுக் காவல் பீட்டுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றுக்குத் தெற்கே, பழைய வரைபடத்தில் ‘மருதஞ்சேறு’ என்று ஓர் இடம் பச்சையாகக் குறிக்கப்பட்டிருக்கும். வேலைக்குச் சேர்ந்த உற்சாகத்தில் அதைத் தேடிப் போய்விடாதீர்கள். அங்கே மருதும் இல்லை, சேறும் இல்லை. வெள்ளை பூத்த ஒரு பொட்டல் கிடக்கிறது. நான் ஃபாரஸ்டராக இருந்த காலத்தில்தான் அது அப்படி ஆயிற்று.

ஓய்வு பெற்றவர்களைப் பேசக் கூப்பிட்டால் சந்தனக் கட்டைத் திருடனைத் துரத்திப் பிடித்ததையும் காட்டுத் தீயை அணைத்ததையும் சொல்வார்கள். எனக்கும் அப்படி ஒன்றிரண்டு உண்டு. அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் சொல்கிறேன். காக்கி உடுத்தியிருக்கும் உங்களுக்குச் சொல்ல எனக்கு இருப்பது இது ஒன்றுதான்.

முதலில் அந்த இடம் எப்படி இருந்தது என்று தெரிய வேண்டும். பாலாற்றுப் பள்ளத்தாக்கு உங்களுக்குப் புதிதில்லை. மழை கம்மி, வெயில் ஜாஸ்தி, எங்கே பார்த்தாலும் பாறையும் வேலம் புதரும். அதற்கு நடுவில், மலையில் பெய்த மழை பூமிக்கடியில் இறங்கி வந்து ஒரு பள்ளத்தில் ஊற்றாக எழும்பியது. எழும்பிய தண்ணீர் போக வழியில்லாமல் அங்கேயே பரவி நின்றது. அந்த ஈரத்தில் நீர்மருது காடாக வளர்ந்திருந்தது. ஆற்றங்கரையில் கிளை பரப்பி நிற்கும் ஒற்றை மருதைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்கே நெருக்கமாக முளைத்ததால் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டுக்கொண்டு எல்லாம் நேராக உயர்ந்திருந்தன. உச்சியைப் பார்க்க அண்ணாந்தால் தலையில் இருக்கும் தொப்பி விழும். பட்டை வெளிறிய சாம்பல் நிறம். மழை நனைத்தால் லேசாகச் சிவப்போடும். மரத்துக்கு மரம் வேர்மேல் கால் வைத்துத்தான் நடக்க வேண்டும். தவறினால் சேறு முழங்கால் வரை இழுக்கும். மேலே வக்கா நாரைகள் கூடு கட்டியிருக்கும். அவற்றைப் பார்க்க முடியாது, சத்தம் மட்டும் கேட்கும். சித்திரை வெயிலில் தார் ரோட்டிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கிய மாதிரி குளிரும்.

நான் அங்கே போனபோது இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. என் ரேஞ்சர் அமிர்திக் காட்டில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். தன் பெயர் நாலு பேர் வாயில் அடிபடுவது அவருக்குப் பிடிக்காது. அதனால் ரேஞ்சர் என்றே சொல்கிறேன். அதிகம் பேச மாட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டு மரத்தையே பார்த்தபடி இருப்பார்.

அந்தப் பக்கம் தோல் பதனிடும் இடத்தை ஷாப்பு என்பார்கள். ஷாப்புகளுக்குத் துவர்ப்புள்ள மரப்பட்டை ஓயாமல் வேண்டும். யுத்தத்தில் கப்பல் போக்குவரத்து சீர்கெட்டதால் வெளிநாட்டுப் பட்டை வருவது நின்றுபோயிற்று. ஆவாரம்பட்டை போதவில்லை. பட்டாளத்துக்குத் தோல் போயாக வேண்டும். மருதம்பட்டையிலும் துவர்ப்பு உண்டு என்று யாரோ சொல்ல, பட்டை ஏஜென்ட் பாய் ஒருவர் மேலிடத்து அனுமதியோடு வந்து நின்றார். மரியாதையான மனிதர். அவர் கையில் இருந்த அனுமதி எத்தனை மரம், எவ்வளவு பட்டை என்று எதையும் சொல்லவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. சுற்றிலும் பட்டையை உரித்தால் மரம் செத்துவிடும், முடியாது என்று எழுதிவிடலாம் என்றேன். ரேஞ்சர் தலையாட்டவில்லை.

“மறுத்தா நம்ம ரெண்டு பேரையும் மாத்திட்டு வேற ஆளப் போடுவாங்க. அந்த ஆளுக்கு இந்த மரம் இன்னாத்துக்கு? உள்ள வர்றத வாசல்ல நிறுத்த முடியலன்னா, உள்ள விட்டுட்டு கூடவே நில்லு” என்றார்.

ஏஜென்டிடம் அவர் கேட்டது இரண்டுதான். மரத்தின் ஒரு பக்கம் மட்டும் உரிக்க வேண்டும். ஈரமாக இருக்கும் உள்பட்டையைத் தொடக் கூடாது. மரம் பிழைத்தால்தான் அடுத்த வருஷமும் பட்டை கிடைக்கும் என்பதால் பாய் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் ரேஞ்சர் அந்தப் பேச்சை நம்பி வீட்டில் உட்காரவில்லை. உரிக்கிற காலம் முழுவதும் தினமும் காலையில் வந்து ஒரு வேர்மேல் உட்கார்ந்துவிடுவார். ஆட்கள் போகும்வரை எழுந்திருக்க மாட்டார். யாராவது அரிவாளை ஆழமாக வைத்தால் தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். யுத்தம் முடிந்தது, கப்பல் வந்தது, பட்டைக்கு வந்தவர்கள் போய்விட்டார்கள். மரங்கள் நின்றன. உரித்த காயங்கள் ஓரத்திலிருந்து மெல்ல மூடிக்கொண்டு வந்தன.

அதை நான் வேதமாக எடுத்துக்கொண்டேன். உள்ளே விட்டுக் கூடவே நிற்பது. உங்களுக்கும் இதை யாராவது சொல்லித் தருவார்கள். நல்ல பாடம்தான். அது எங்கே உதவாமல் போயிற்று என்பதுதான் மிச்சக் கதை.

ரேஞ்சர் ஓய்வு பெற்று அரக்கோணத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். சுதந்திரம் வந்தது. அடுத்தடுத்து மழை பொய்த்தது. ரேஷனில் புழுத்த சோளம் போட்டார்கள். சும்மா கிடக்கிற நிலமெல்லாம் பயிராக வேண்டும் என்று அரசாங்கம் சொன்னது. மருதஞ்சேற்றின் மேற்கு ஓரத்தைத் தண்ணீர் வடித்து, நிலமில்லாதவர்களுக்குப் பயிர் செய்யக் கொடுப்பது என்று முடிவாயிற்று. முழங்கால் ஆழத்துக்கு ஒரு வடிகால் வெட்டி, தண்ணீரைப் பக்கத்து ஓடையில் விட வேண்டும். அதற்கு மேல் ஆழம் கூடாது என்று அடையாளக் கல் நட்டார்கள். நடுக்காட்டையும் ஊற்றுக்கண்ணையும் யாரும் தொடக் கூடாது.

நிலம் கிடைத்தவர்களில் கன்னியப்பன் என்று ஒருவன். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவனாக இருப்பான். ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை. முடி கழல்வதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போட்டிருப்பார்கள். அதில் இறங்கி ஒவ்வொரு தோலாக இழுத்துப் போட வேண்டும். ஈரத்தில் ஒரு தோல் ஓர் ஆள் கனம் கனக்கும். அவன் மனைவி பெயர் அஞ்சலை. சேற்றின் ஓரத்தில் குடிசை போட்டுக்கொண்டார்கள். நான் ரோந்து போகும்போது கன்னியப்பன் சேற்றில் விரால் பிடித்துக்கொண்டிருப்பான். இரண்டு பேரும் பீடி பற்ற வைப்போம். நான் சர்க்கார் ஆள் என்பதை அவன் மறந்து பேசுவான். கேட்க எனக்கும் நன்றாக இருக்கும்.

முதல் இரண்டு வருஷமும் அவர்கள் நட்ட நாற்று அழுகிப்போயிற்று. வடிகாலின் ஆழம் போதவில்லை. தண்ணீர் இறங்குவதற்குள் அடுத்த ஊற்று வந்துவிடும். நிலமும் ஈரமும் இருந்தும் கஞ்சிக்கு வழியில்லை. மழைக்காலம் நெருங்கியபோது ஒரு நாள் காலை என் கீழ் வேலை பார்த்த காட்டுக் கார்டு ஓடி வந்தார். ஜனங்கள் மண்வெட்டி கடப்பாரையோடு வடிகாலில் இறங்கிவிட்டார்கள், அடையாளக் கல்லைப் பிடுங்கப் போகிறார்கள் என்றார்.

போய்ப் பார்த்தால் ஆண், பெண் எல்லோரும் நிற்கிறார்கள். முன்னால் கன்னியப்பன். என்னிடம் இருந்தது ஒரு விசில், ஒரு கார்டு, ஒரு சைக்கிள். ஏதாவது தகராறு என்றால் ஆள் அனுப்புங்கள், போலீஸ் வரும் என்று தாலுகா ஆபீசில் முன்பே சொல்லியிருந்தார்கள். கார்டு சைக்கிளைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் போனால் மதியத்துக்குள் போலீஸ் லாரி வரும். அதற்குப் பிறகு அங்கே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கத்தில் வேறு ஊரில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

கல்லைத் தொடாதே கன்னியப்பா, ஆழம் கூடினால் ஊற்று இறங்கும், மரம் காயும் என்றேன். அவன் சத்தம் போடவில்லை. மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் என் முன்னால் நீட்டினான். பல விரல்களில் நகம் இல்லை. விரல் இடுக்கெல்லாம் சுண்ணாம்பு தின்று சிவந்து கிடந்தது.

“இந்தக் கைய வச்சிக்கினு இன்னும் எத்தினி வருஷம் தோலு இழுப்பேன் சார்? ரெண்டு போகம் கேக்கல. ஒரு போகம் நிக்கட்டும். அதுக்கு எவ்ளோ ஆழம் வேணுமோ அவ்ளோ. மரத்துக்கிட்ட நாங்க போவல.”

அவர்களை அடித்து விரட்ட எனக்கு மனம் வரவில்லை. மனம் இருந்திருந்தாலும், அடி வாங்கியவர்கள் மறுபடி வரும்போது நேராக மரத்துக்குத்தான் வந்திருப்பார்கள். விசிலைப் பையில் போட்டேன். ரேஞ்சர் சொன்னதுதான் ஞாபகத்தில் இருந்தது. கார்டை சைக்கிளை நிறுத்தச் சொல்லிவிட்டு நானும் வடிகாலில் இறங்கினேன். கல் குறித்த மட்டத்தைத் தாண்டி இடுப்பளவு ஆழம் வரை வெட்டலாம். ஊற்றுக்கண்ணைச் சுற்றிப் பெரிய வட்டமாக ஓர் இடம், அதற்குள் ஒரு மண்வெட்டியும் போகக் கூடாது என்று பேசி முடிவு செய்தோம். அந்த வட்டத்தைக் கன்னியப்பனே நடந்து காட்டினான். நான் கேட்டதைவிடப் பெரிதாகவே காட்டினான்.

வெட்டி முடியும்வரை தினமும் நான் அங்கே நின்றேன். அவர்கள் சொன்ன சொல் தவறவில்லை. ஒருத்தர்கூட வட்டத்தைத் தாண்டவில்லை. ஒரு கிளையை ஒடிக்கவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். பின்னால் வந்தவர்கள், ஜனங்கள் பேராசைப்பட்டுக் காட்டை அழித்துவிட்டார்கள் என்று பேசினார்கள். அது பொய்.

அனுமதியில்லாமல் வெட்ட விட்டதற்கு எனக்கு மெமோ வந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் நெல் நின்றது. அடுத்த வருஷமும் நின்றது. ஊற்று கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் மரங்களுக்குக் குறை தெரியவில்லை. கன்னியப்பன் ஷாப்புக்குப் போவதை நிறுத்தினான். கையில் புண் ஆறிப் புதுத் தோல் வந்தது. அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. புது அரிசி கொண்டுவந்து என் வீட்டில் கொடுத்துவிட்டுப் போனாள் அஞ்சலை. சமைத்துச் சாப்பிட்டபோது நான் நினைத்துக்கொண்டேன், இரண்டையும் காப்பாற்றிவிட்டோம் என்று. என் முப்பது சொச்ச வருஷ வேலையில் அப்படி ஒரு நிறைவோடு நான் சாப்பிட்டதில்லை.

பிறகு ஓடை மாறியது.

மேலே ஓடையின் கரையில் ஷாப்புகள் பெருத்துக்கொண்டே வந்தன. உப்பு போட்டு வரும் தோலைக் கழுவிய தண்ணீர், சுண்ணாம்புக் குழித் தண்ணீர் எல்லாம் ஓடையில்தான் விழும். முன்பு மழைக்காலத்தில் மட்டும் ஓடிய ஓடை, இப்போது வருஷம் முழுக்கக் கறுப்பாக ஓடியது. எங்கள் சேறு அந்த ஓடையைவிட மேட்டில் ததும்பி நின்றவரை அதனால் ஒன்றும் ஆகவில்லை. நம் தண்ணீர்தான் வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வடிகாலை இடுப்பளவு இறக்கியபோது அதன் வாய் ஓடையின் மட்டத்துக்கு வந்துவிட்டது. ஓடை பெருகிய நாட்களில் கறுப்புத் தண்ணீர் வடிகால் வழியாகத் திரும்பி உள்ளே ஏறியது. ஊற்று இறங்க இறங்க இன்னும் ஏறியது. மரம் தாகத்தில் காயுமோ என்று நான் பயந்தேன். நாற்று அழுகுமோ என்று அவர்கள் பயந்தார்கள். தண்ணீர் திரும்பி வரும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. முதலில் வடிகாலுக்கு அளவு போட்ட எஞ்சினியருக்கும் தோன்றவில்லை.

முதலில் விரால் மீன்கள் வெளுத்து மிதந்தன. பிறகு வக்காக்கள் அந்த வருஷம் கூடு கட்ட வரவில்லை. கார்டு ஊற்றுத் தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். உப்புக் கரிக்கிறது என்றார். நாற்று நுனி சிவந்து கருகியது. வயல் காய்ந்த நாட்களில் மண்மேல் வெள்ளை பூத்தது. நான் தலை தூக்கிப் பார்த்தபோது மருதுகளின் உச்சிக் கிளைகள் மொட்டையாக இருந்தன.

கன்னியப்பன் என்னிடம் கேட்கக்கூட இல்லை. அவர்கள் எல்லோரும் சேர்ந்து வடிகாலின் வாயை மண் கொட்டி அடைத்தார்கள். சொந்த வயல் முழுகினாலும் பரவாயில்லை என்று அடைத்தார்கள். உள்ளே வந்துவிட்ட உப்பு போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டது. வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு இன்னும் கூடியது. திறந்தால் மழைத் தண்ணீர் உப்பை அடித்துக்கொண்டு போகும். ஆனால் ஓடையும் உள்ளே வரும். மூடினால் ஓடை வராது. இருக்கிற உப்பும் போகாது. நான் மூடச் சொன்னேன். ஒரு மழைக்குப் பிறகு திறக்கச் சொன்னேன். மறுபடி மூடச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர்கள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் செய்தார்கள். எது சரி என்று தெரியாமலே ஒருவன் ஆணை போட்டுக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இப்போது புரியாது. புரிகிற நாள் வராமல் இருக்கட்டும்.

ஷாப்பு முதலாளி ஒருவரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார். மேலே இருக்கிற ஷாப்பெல்லாம் ஓடையில்தான் விடுகிறது, நான் ஒருவன் எங்கே கொண்டுபோய் ஊற்றுவது என்று கேட்டார். அவர் கொட்டாயில் வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் சேற்றோரக் குடும்பங்களின் அண்ணன் தம்பிகள். ஷாப்பை மூடு என்று அவர்கள் முன்னால் எந்த வாயால் கேட்பது? கேட்டிருந்தாலும் காட்டிலாகாக்காரனுக்கு ஓடைத் தண்ணீர்மேல் ஓர் அதிகாரமும் கிடையாது. எல்லா ஆபீசுக்கும் எழுதினேன். வேறு ஆபீசுக்கு எழுதச் சொல்லிப் பதில் வந்தது.

கடைசியில் ரயில் ஏறி அரக்கோணம் போனேன். ரேஞ்சருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் சொன்னபடிதான் செய்தேன் சார், உள்ளே விட்டுக் கூடவே நின்றேன் என்றேன். குறையாகச் சொல்லவில்லை; அவரிடம் வேறு ஏதாவது வழி இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

“பட்டை உரிக்கிறவன் பக்கத்துல உக்காரலாம்பா. அவன் மனுஷன், நம்ம மூஞ்சியப் பாப்பான். தண்ணிகிட்ட உக்காந்து இன்னா பண்றது?” என்றார். பிறகு, எந்த மரமெல்லாம் காய்ந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பட்டை உரித்த மரங்கள் அவருக்கு இடத்தோடு ஞாபகம் இருந்தன. நான் சொல்லச் சொல்ல உம் கொட்டிக்கொண்டே வந்தவர், பாதியில் போதும் என்று கையைத் தூக்கினார். அதுதான் நான் அவரைப் பார்த்த கடைசித் தடவை.

மருது கொஞ்சம் உப்பைத் தாங்கும் மரம். தாங்கத்தான் பார்த்தன. ஆனால் ஊற்றும் இறங்கி, உப்பும் சுண்ணாம்பும் ஏறி, இரண்டு பக்கமும் அடிபட்டபோது எதற்குத் தாக்குப்பிடிக்கும்? சாகப்போகிற வருஷம் பிழைத்திருந்த மரங்களெல்லாம் வெறி பிடித்த மாதிரி பூத்தன. தேன் மணம் ரோடு வரை வந்தது. அடுத்த கோடையில் ஐந்து சிறகு வைத்த காய்கள் கொத்துக் கொத்தாகக் காய்த்து விழுந்தன. முன்பெல்லாம் சேற்றுத் தண்ணீரில் மிதந்து போய் எங்காவது ஒதுங்கி முளைக்கும். இப்போது வெள்ளை பூத்த கட்டாந்தரையில் விழுந்து அப்படியே கிடந்தன.

பெரிய மரங்களை ஏலம் விட மேலிடம் உத்தரவு போட்டது. பட்டுப்போன மரத்தை நிற்க விட்டால் பூச்சி அரிக்கும், வீணாகும் என்றார்கள். அது சரிதான். ஒவ்வொரு மரத்திலும் சுத்தியலால் முத்திரை அடித்தது நான். வெட்டிய மரம் வண்டிச் சக்கரத்துக்கும் தோல் அனுப்பும் பெட்டிக்கும் போயிற்று. காடு போன அன்றைக்குத்தான் அந்தப் பள்ளம் எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடியில் நிற்கும் ஆளின் முகம் தெரிந்தது.

மரம் வெட்டுவதற்கு முன்பே நானும் கன்னியப்பனும் காய்களைப் பொறுக்கி வைத்திருந்தோம். ஓலைக் கூடைகளில் மலையடி மண்ணை நிரப்பி, ஊற வைத்த காய்களை நட்டு, அவன் குடிசைப் பக்கத்தில் நிழல் போட்டு வைத்தோம். நன்றாக வேர் விட்டு ஆள் உயரம் வந்துவிட்டால் மலையடியில் வேறு ஈரமான இடம் பார்த்து நடலாம் என்பது என் எண்ணம். பாதிக்கு மேல் முளைத்தன. பிரச்சனை தண்ணீர். சேற்றோரத்தில் தோண்டிய கிணறுகளெல்லாம் உப்பாகிவிட்டன. அந்தத் தண்ணீரை ஊற்றிய கூடைகளில் கன்றுகள் இலை ஓரம் பொசுங்கி உதிர்ந்தன. நல்ல தண்ணீர் மலையடிக் கிணற்றில் மட்டும். அஞ்சலை அங்கே நடந்துபோய்க் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினாள். யாரும் அவளைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, கன்று பிழைச்சிடும் சார் என்று அவளாகவே சொல்வாள். அந்தத் தண்ணீர் ஊற்றிய கன்றுகள் பச்சையாக நின்றன.

கோடை ஏற ஏற அந்தக் கிணறும் வற்றியது. பெண்கள் வரிசையில் நின்று, ஊறுகிற தண்ணீரைக் கொட்டாங்கச்சியால் மொண்டார்கள். வீட்டுக்கு ஒரு குடம் கிடைத்தால் பெரிது.

ஒரு நாள் வெயில் ஏறிய பிறகு நான் அங்கே போனேன். அஞ்சலை அப்போதுதான் குடத்தை இறக்கியிருந்தாள். உட்கார்ந்து மூச்சுகூட வாங்காமல், ஒரு சொம்பில் சாய்த்துக் கன்றுகளுக்கு அளந்து அளந்து ஊற்ற ஆரம்பித்தாள். அவள் குழந்தை குடிசை வாசலில் நின்றிருந்தது. அழவில்லை, கேட்கவில்லை. அதன் உதடு வெடித்திருந்தது. சொம்பிலிருந்து மண்ணில் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா ஊற்றி முடித்தால் தனக்கு மிச்சம் வரும் என்று அதற்குப் பழகியிருந்தது.

“அஞ்சலை, ஊத்தாதம்மா” என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். “கொஞ்சந்தான் சார் மிச்சம், இந்த வரிசைக்கு மட்டும்” என்றாள்.

“இனிமே ஊத்தவே வேணாம்.”

“அப்போ கன்னு?”

“போவட்டும்” என்றேன்.

அவள் குழந்தையைக் கூப்பிட்டுச் சொம்பைக் கொடுத்தாள். அது இரண்டு கையாலும் பிடித்து, மூச்சு விடாமல் குடித்தது.

கன்றுகள் அந்த வாரமே காய்ந்துபோயின. நானும் கன்னியப்பனும் கூடைகளைத் தூக்கி ஓரமாகப் போட்டோம். அவன் கூடைகளைத் தட்டி மண்ணைக் கொட்டும்போது வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் பார்த்தான். நன்றாகத்தான் இறங்கியிருந்தது.

அந்தக் கோடையிலேயே குடும்பங்கள் நிலத்தை விட்டுப் போகத் தொடங்கின. சிலர் கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. கன்னியப்பன் மறுபடி ஷாப்புக்கு, அதே சுண்ணாம்புக் குழிக்கு. நான் திருப்பத்தூருக்கு மாற்றலாகிப் போவதற்கு முந்தின நாள் காலையில் அவனைப் பார்க்கப் போனேன். வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். பீடி பற்ற வைத்தோம். பாதி பீடியில் கேட்டான்.

“நாம எங்க சார் தப்புப் பண்ணோம்?”

வடிகாலை வெட்டாமல் இருந்திருந்தால் அந்தக் குழந்தை பிறந்திருக்குமா என்பதுகூட எனக்குத் தெரியாது. போலீசைக் கூப்பிட்டிருந்தால் மரம் நின்றிருக்குமா என்றும் தெரியாது. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகிவிட்டது. ஒவ்வொரு இடமாகத் திரும்பிப் போய்ப் பார்க்கிறேன். கல்லைத் தாண்டி வெட்டிய காலை, அடைத்து அடைத்துத் திறந்த நாட்கள், சொம்பை நிறுத்தச் சொன்ன வேளை, எங்கே நின்றாலும் மறுபடி அதையேதான் செய்வேன் என்று படுகிறது. செய்தால் மறுபடி இதேதான் ஆகும்.

உங்களுக்குப் பயிற்சியில் சரியான முடிவு, தவறான முடிவு என்று பிரித்துக் கற்றுக்கொடுத்திருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சரியாகவே முடிவு செய்துகொண்டு போய், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சாத இடத்தில் நிற்பது உண்டு என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொன்னால் யாரும் வேலைக்கு வர மாட்டார்கள் என்று விட்டிருப்பார்கள். நான் சொல்லிவிட்டேன்.

அன்று காலை அதற்குள் ஷாப்புச் சங்கு ஊதிவிட்டது. கன்னியப்பன் பீடியைக் காலால் தேய்த்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கந்தல் துணியை இரண்டு கையிலும் சுற்றியபடி ஓடைக் கரையோடு நடந்து போனான்.